ஆட்டுக்கு விட்ட இடம்

கொழும்பில் சுவரில் படம் கீறுவது இன்றைக்கு மரியாதையான வேலை. ஹோட்டல்காரர் கூப்பிடுகிறார்கள், கோப்பிக் கடைக்காரர் கூப்பிடுகிறார்கள். பெரிய ஏணி, மூக்குக்கு முகமூடி, பக்கத்தில் வீடியோ எடுக்க ஒருவர். படம் காய முன்னமே சோடிகள் வந்து அதன்முன் நின்று சிரிக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்க எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எரிச்சல் எனக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று அம்மா சொல்வார். அது வேறு கதை.

இந்த நகரத்தில் ஸ்பிறே பெயின்ற் ரின்னைத் தூக்கிச் சுவரில் படம் போட்ட முதல் ஆட்களில் என் அண்ணாவும் ஒருவர். அவர்தான் முதலாமவர் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சண்டை பிடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் கீறிய காலத்தில் சுவர் என்பது தேர்தல் சுவரொட்டிக்கும் டியூஷன் விளம்பரத்துக்கும் மூத்திரத்துக்கும் மட்டும்தான். தெரு ஓவியம் என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நாங்கள் அப்போது கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொஞ்சக் காலத்தில் அப்பா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணா ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வான்களிலும் ஓட்டோக்களிலும் கீறல் விழுந்தால் மறைக்க ஸ்பிறே ரின் விற்பார்கள் அல்லவா, அதில் அடி நசுங்கியது, மூடி உடைந்தது எல்லாம் அவருக்குக் கிடைக்கும். அதிகமும் கறுப்பும் நீலமும்தான். அதனால் அவருடைய ஆடுகள் எல்லாம் கறுப்பும் நீலமுமாக இருந்தன.

ஆம், அவர் கீறியது ஆடு. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டிப் பக்கத்து ஒழுங்கைகளில் ஆடுகள் கேட்பாரில்லாமல் திரியும். தேர்தல் வந்தால் அவற்றுக்கு விருந்து. மாப்பசை பூசி ஒட்டிய சுவரொட்டியை முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி எட்டி இழுத்துச் சப்பும். ஒரு வேட்பாளரின் நாடி, இன்னொருவரின் கும்பிட்ட கை என்று பாகுபாடில்லாமல் உள்ளே போகும். அண்ணா அந்த ஆட்டைத்தான் அளவு குறையாமல் சுவரில் போட்டார். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, ஒரு காது முன்னே, ஒரு காது பின்னே மடிந்து நிற்கும். எந்தச் சுவரொட்டிக்குக் கீழே இடம் இருக்கிறதோ அங்கே போடுவார். மேலே அமைச்சர் சிரித்துக்கொண்டிருப்பார், கீழே ஆடு அவரைத் தின்ன எட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள்.

அவர் இரவில் போய்க் கீறுவதில்லை. யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் இரவு வேளையில் ஒரு தமிழ்ப் பெடியன் கையில் ரின்னோடு சுவரோரம் நின்றால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அண்ணா பட்டப்பகலில் போவார். காக்கிக் காற்சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு பழைய வாளி. வாளிக்குள் ஸ்பிறே ரின், அதன்மேல் ஒரு துணி. பகலில் வாளியோடு சுவருக்கு முன் நிற்கிறவனை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், எங்கேயோ இருந்து அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பார். ஒருமுறை காவலரணில் நின்ற ஆமிக்காரர் ஒருவரே கிட்ட வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆட்டுக்குத் தாடி இல்லையே என்று கேட்டாராம். அண்ணா அவருக்காகத் தாடி வைத்துக் கொடுத்தார். தாடி வைத்த ஆடு அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தபோது அம்மா அவருடைய முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

பிறகு ஒருநாள் வேலைக்குப் போனவர் வரவில்லை. கடையிலிருந்து வழமையான நேரத்துக்குப் புறப்பட்டார் என்று முதலாளி சொன்னார். ஒழுங்கை முனையில் ஒரு வாகனம் நின்றது என்று ஒருவர் சொன்னார். அடுத்த நாள் அவரே தான் ஒன்றும் காணவில்லை என்றார். ஆட்டுக்காகப் பிடித்தார்களா, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததற்காகப் பிடித்தார்களா, ஆள் மாறிப் பிடித்தார்களா, இன்றுவரை தெரியாது. அம்மா ஏறாத படியில்லை. பொலிஸ், முகாம், ஆணைக்குழு, மறுபடி பொலிஸ். எல்லா இடத்திலும் கதிரை கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பதில் கொடுக்கவில்லை.

நகரத்தை அழகாக்குகிறோம் என்று சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்தபோது ஆடுகளும் போய்விட்டன. எனக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இரண்டாம் மாடியில் வீடு எடுத்தோம். கொட்டாஞ்சேனையை விட்டு வர அம்மாவுக்கு மனமே இல்லை. புது விலாசத்தைப் பழைய ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுத்தான் லொறியில் ஏறினார்.

அண்ணா செத்துவிட்டார் என்று நான் நம்பினேன். எப்போது நம்பத் தொடங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுது புரண்டு வந்த முடிவல்ல. ஒரு காலையில் பல் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, அவர் இல்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்த விசயம்போல இருந்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லவில்லை. கனடாவிலிருந்து சித்தி தொலைபேசியில், அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிடுங்கள், அவனும் அலைய வேண்டாம், நீங்களும் அலைய வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார். "உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் அந்தியேட்டி செய்வினமே?" என்று கேட்டுவிட்டு அம்மா தொலைபேசியை வைத்தார். அதன்பிறகு சித்தி காலநிலையைப் பற்றி மட்டும் கதைத்தார்.

இப்படி எங்கள் பாட்டில் இருந்தபோதுதான் ஆடு திரும்பி வந்தது.

அம்மா பின்னேரங்களில் மரைன் டிரைவில் நடப்பார். அன்றைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"பிள்ளை, கொண்ணன் வந்திருக்கிறான்."

"எங்க?"

"வா. வந்து பார்."

ரயில் பாதைக்கு எதிரே ஒரு நீண்ட மதில். அதில் புதிதாக யாரோ கடல்மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கீறியிருந்தார்கள். மின்னுகிற மீன்கள், நல்ல வேலைதான். மதிலின் கீழ் மூலையில் ஒரு சாண் உயரமுள்ள ஓர் ஆடு நின்றது. கறுப்பும் நீலமும். முன்னங்கால்கள் மேலே. ஒரு காது முன்னே, ஒரு காது பின்னே மடிந்து. அம்மா குனிந்து விரலை வைத்து அழுத்தினார். விரல் நீலமாக வந்தது.

"ஈரம்," என்றார். "இப்பதான் போயிருக்கிறான்."

நான் றோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், கடலை விற்கிறவர், காதில் வயர் மாட்டிய பெடியன்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். பயமாக இருந்தது. செத்தவர் என்று நான் ஒதுக்கி வைத்த ஆள் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ நின்று என்னைப் பார்க்கிறார், நான் அவரைக் கைவிட்டது அவருக்குத் தெரியும் என்று தோன்றியது. அன்றிரவு அம்மா கரண்டியால் சோறு சாப்பிட்டார். அந்த விரலைக் கழுவ அவருக்கு மனம் வரவில்லை.

பிறகு ஆடுகள் தொடர்ந்து வந்தன. பாமன்கடையில் கால்வாய்ப் பக்கம் ஒன்று. பம்பலப்பிட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒன்று. எல்லாம் யாரோ கீறிய பெரிய படங்களின் கீழ் மூலையில், சின்னதாக. அம்மா ஒவ்வொன்றையும் பார்க்க நல்ல சேலை உடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். கலியாண வீட்டுக்குப் போகிறவர்போலப் போய், காய்ந்திருந்தால் முகம் சுருங்கியும் ஈரமாக இருந்தால் பூரித்துப்போயும் வருவார். காலி வீதியில் மலிவு விற்பனை போட்டபோது ஆண்கள் சேர்ட் ஒன்று வாங்கி வந்தார். பழைய அளவைவிடப் பெரியது.

"இப்ப உடம்பு வைச்சிருக்கும்," என்றார்.

அம்மாவின் சந்தோசத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இரவில் வெளிக்கதவின் தாழ்ப்பாளைப் போட விடமாட்டார். அவர் படுத்த பிறகு நான் எழும்பிப் போய்ப் போடுவேன். போட்டுவிட்டு வந்து படுத்தால் படியில் யாரோ ஏறுவதுபோல இருக்கும். மறுபடி எழும்பிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன். பஸ்ஸில் முன் இருக்கையில் இருக்கிறவரின் பிடரி அண்ணாவின் பிடரிபோல இருக்கும். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அந்தப் பிடரியின் பின்னால் போவேன். அலுவலகத்தில் என் மேசைக்கு முன் யாராவது வந்து நின்றால் நிமிர முன்னமே நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் நம்பாத பேய் என்னை மட்டும்தான் தேடிப் பிடித்து ஆட்டியது.

அம்மா சந்தோசமாக இருந்தால் உனக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இருந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி மறுபடி விசாரிக்கிறோம், நேரில் வந்து சொல்லுங்கள் என்று ஆணைக்குழுவிலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தது. இத்தனை ஆண்டுகள் இந்த அழைப்புக்காக வாசல் வாசலாக நின்ற அம்மா, அதை மேசையில் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எப்ப போறம் அம்மா?"

"ஏன் போகவேணும்?"

"ஏன் போகவேணுமோ? அண்ணாவைப் பற்றிக் கேக்கினம்."

அம்மா குரலைத் தாழ்த்தினார். "விசர்க் கதை கதையாத. அவன் இஞ்சதான் நிக்கிறான் எண்டு நான் போய்ச் சொல்ல, திரும்பவும் கொண்டுபோய்ப் போடுவாங்கள். அவன் ஒளிச்சிருந்து தான் இருக்கிறன் எண்டு எனக்கு மட்டும் காட்டுறான். நான் வாயைத் திறக்க மாட்டன்."

அவருடைய கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஆடு அண்ணாவுடையது என்றால் அம்மா சொல்வதெல்லாம் சரி. அண்ணாவுடையது இல்லையென்றால், யாரோ ஒருவர் விளையாட்டுக்குக் கீறிய படம் அண்ணாவைத் தேடுகிற கடைசிக் குரலையும் அடைக்கப் போகிறது. விசாரணை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அதைக் கீறுகிற கையைப் பிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பழைய ஒழுங்கையிலிருந்து ஓர் அயலவர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, இங்கே சந்திப் பக்கத்துப் பெரிய சுவரில் பிள்ளைகள் படம் கீறத் தொடங்கியிருக்கிறார்கள் என்று சொன்னார். அம்மா என்னைப் பார்த்தார்.

"நீ போ. நான் வந்தா அவன் அழுவான்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டக்குளி பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். சுவரில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் நின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு பெண் மொட்டைமாடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடியில் சேலை, பள்ளிச் சீருடை, ஒரு துவாய். இரண்டு பெடியன்கள் ஏணியில் நின்று வானம் பூசினார்கள். கீழே ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், தலையில் துணி கட்டிக்கொண்டு சேலைக்குக் கரை போட்டுக்கொண்டிருந்தாள். மூலையைப் பார்த்தேன். ஆடு இல்லை.

எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் இருந்துகொண்டேன். ஒரு பிளேன்ரீ குடித்தேன், மீன் வைத்த மாலு பாண் ஒன்று சாப்பிட்டேன், இன்னொரு பிளேன்ரீ குடித்தேன். வருகிற போகிற ஆண்களையெல்லாம் பார்த்தேன். நரைத்திருப்பார், நொண்டுவார், தாடி வைத்திருப்பார் என்று ஒவ்வொருவருக்கும் இடம் கொடுத்துப் பார்த்தேன். மத்தியானம் அந்தப் பிள்ளைகள் ஏணியை இறக்கி, சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். பிறகு அந்தப் பெண் கை கழுவி, ஒரு கறுப்பு ரின்னை எடுத்துக் குலுக்கிக்கொண்டு மூலையில் குந்தினாள்.

எதையும் பார்த்துக் கீறவில்லை. அவளுடைய கை நேராகக் கழுத்தில் தொடங்கி முதுகில் இறங்கியது. கால், கால், வயிறு. நீல ரின்னை எடுத்தாள். ஒரு காது முன்னே. ஒரு காது பின்னே. என் அண்ணாவின் ஆடு இன்னொருத்தியின் கையிலிருந்து வந்து நின்றது. எனக்கு அப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும், கையைப் பிடித்துவிட்டேன் அல்லவா. நிம்மதி வரவில்லை. றோட்டைக் கடந்து போனேன்.

"இந்த ஆடு ஆரின்ர?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னக்கா?"

"ஆரின்ர ஆடு எண்டு கேக்கிறன்."

"எங்களுக்கு முன்னாடி இங்க சுவர்ல போட்ட ஒருத்தரோடது அக்கா." சிரித்தாள். ஜிந்துப்பிட்டிப் பேச்சு. "நான் சின்னதுல இஸ்கூல் போற வழியில அவரோட ஆடு ஒன்னு இருந்திச்சி, கோயில் பக்கத்துல. தெனமும் அதுக்கு குட் மோர்னிங் சொல்லிட்டுத்தான் போவேன். அதப் பார்த்துத்தான் நானும் இந்தப் பக்கம் வந்தேன்."

"அவரின்ர ஆட்டை நீ ஏன் கீறுறாய்?"

"அவரு இல்லையே அக்கா. அதனால நாங்க போடுறோம்." அவள் பொறுமையாக விளக்கினாள். "சுவர்ல போடுற ஆளு போயிட்டாங்கன்னா, மத்தவங்க தங்களோட படத்துக்குக் கீழ அவங்களோடதயும் போட்டு விடுவாங்க. நாங்க மட்டும் இல்ல, வெளிநாட்டுலயும் அப்படித்தான். ஆளு போனாலும் சுவர விட்டுப் போயிடக் கூடாது. அதுக்குத்தான் மூலையில, சின்னதா. செத்தவங்களுக்கு மட்டும்தான் அந்த மூலை."

"செத்தவர் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

கத்திவிட்டேன். தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஏணியை மடித்துக்கொண்டிருந்த பெடியன்கள் நின்றுவிட்டார்கள். அண்ணா செத்துவிட்டார் என்று ஆண்டுக்கணக்காக நம்பியவள் நான். அதே விசயத்தை வேறொரு வாய் சொன்னதும் அந்த வாயைக் கிழிக்க வேண்டும்போல இருந்தது.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க அக்கா," என்றாள் மெதுவாக. "அவரு வேல செஞ்ச கடையிலயும் கேட்டோம். கூட்டிட்டுப் போயிட்டாங்க, அப்புறம் வரலன்னு சொன்னாங்க. அப்படின்னா..." நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க யாரு அக்கா?"

சொன்னேன். அம்மாவைப் பற்றியும் சொன்னேன். விரல் வைத்துப் பார்ப்பது, நல்ல சேலை, சேர்ட், விசாரணைக்குப் போக மாட்டேன் என்பது எல்லாவற்றையும் றோட்டோரத்தில் நின்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். ரின் உருண்டு கழிவுநீர்க் கானுக்குள் போனது. யாரும் எடுக்கவில்லை. அண்ணாவுக்கு மரியாதை செய்கிறோம் என்றுதான் அந்தப் பிள்ளை ஒவ்வொரு சுவரிலும் அதைப் போட்டிருக்கிறாள். அவள் இறந்தவருக்கென்று வைத்த ஒவ்வொரு ஆடும், எங்கள் வீட்டில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று வந்து சேர்ந்திருக்கிறது.

"அழிச்சிரவா அக்கா?" என்று கேட்டாள்.

ஓம் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போனேன். "பொறு," என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா படியிலேயே நின்றார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று என் தோளுக்கு மேலால் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு பொய் சொல்ல முடியவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி உண்மையைச் சொன்னேன். கீறுவது ஒரு பெண்பிள்ளை. அண்ணா இல்லை. அவர்களுடைய வழக்கம் இது. அந்த மூலை யாருக்கென்றும் சொன்னேன்.

அம்மா அழுவார், என்னை அடிப்பார், பொய் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன்னுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய் அடுப்பில் கேத்திலை வைத்தார். தண்ணீர் கொதித்து வற்றும் வரைக்கும் அதன் முன்னால் நின்றார். நான்தான் போய் அடுப்பை நிறுத்தினேன்.

"அந்தப் பிள்ளையிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போ," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அம்மா நல்ல சேலைதான் உடுத்திருந்தார். அந்தப் பெண் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். அம்மாவைக் கண்டதும் காலில் விழப் பார்த்தாள், அம்மா தோளில் பிடித்து நிறுத்தினார். மூலையில் ஆடு அப்படியே இருந்தது. அம்மா இந்த முறை அதைத் தொடவில்லை.

"நல்ல கை, பிள்ளை," என்றார். "காதும் சரி. எனக்கே பிடிபடேல்லை."

அவள் தலையைக் குனிந்தாள். "மன்னிச்சிருங்க அம்மா."

"அதை விடு. ஒண்டு கேக்கிறன். செத்த ஆக்களுக்கு மூலை எண்டு சொன்னனியாம். அப்ப உயிரோட இருக்கிற ஆக்களின்ரையை எங்க போடுவியள்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம் அவள். நடுவில் போடுவோம், மேலே போடுவோம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

"உயிரோட இருக்கிறவங்களுக்கு நாங்க போட மாட்டோம் அம்மா," என்றாள். "அவங்களேதான் வந்து போடணும்."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. எனக்கு அந்தப் பெண்ணின்மேல் கோபமும் வந்தது, அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது.

"அப்ப அவனுக்கு இடத்தை விட்டு வை," என்றார் அம்மா. "அவன்ர ஆடு இவ்வளவு உயரம். காலைத் தூக்கிக்கொண்டு நிக்கும்." கையை நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

அவர்கள் இடம் விட்டார்கள். மூலையில் இருந்த ஆட்டை அந்தப் பெண்ணே சுரண்டி எடுத்தாள். கொடியில் காய்ந்த சேலைக்கும் பள்ளிச் சீருடைக்கும் நடுவில், கீறி முடித்த படத்தைச் சீமெந்து தெரியும் வரை தேய்த்து எடுத்தாள். நல்ல படம் பழுதாகிறதே என்று பெடியன்கள் முகம் கோணினார்கள், ஆனாலும் தேய்த்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் எந்தச் சுவரில் கீறினாலும் அண்ணாவின் ஆட்டுக்கு அளவாக ஓர் இடம் வெறும் சீமெந்தாக இருக்கும். மரைன் டிரைவ் மதிலிலும் மூலை ஆடு போய், மீன் கூட்டத்தின் நடுவில் ஒரு வெறுமை வந்தது. பார்க்கிறவர்கள் பெயின்ற் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

அம்மா விசாரணைக்குப் போனார். நானும் கூடப் போனேன். மகனைப் பற்றி ஏதாவது தகவல் கிடைத்ததா என்று அங்கே கேட்டார்கள். "இல்லை. இன்னும் வரேல்லை," என்றார் அம்மா. இத்தனை ஆண்டுகளாகச் சொன்ன அதே பதில்தான். வீட்டுக்கு வந்து அந்தச் சேர்ட்டை மடித்து அலுமாரியில் வைத்தார். அந்தியேட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்குத்தான் ஒழுங்குக்கு வரவில்லை. ஆடு இருந்த காலத்தில் அதோடு சண்டை பிடிக்க முடிந்தது. நீ அண்ணாவின் ஆடு இல்லை, போடி என்று ஏச முடிந்தது. வெறும் சீமெந்தை என்னவென்று ஏசுவது? அது ஒன்றும் சொல்வதில்லை. அலுவலகம் போகும்போது பார்ப்பேன், அப்படியே இருக்கும். வரும்போது பார்ப்பேன், அப்படியே இருக்கும். பார்க்காமல் போகலாம் என்று காலி வீதியால் சுற்றிப் போனேன். அங்கேயும் வெறும் இடத்தையெல்லாம் கண் தேடியது. சுண்ணாம்பு உதிர்ந்த மதில், விளம்பரம் கிழிந்த பலகை, எங்கே வெறுமையாக ஒரு துண்டைக் கண்டாலும் அது ஆட்டின் உயரம் இருக்கிறதா என்று மனம் அளந்து பார்த்தது. செத்தவர் செத்தவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லச் சொல்லப் பயம் கூடியது.

போன மாதம் எங்கள் ஒழுங்கையிலேயே அந்தப் பிள்ளைகள் ஒரு மதிலில் கீறினார்கள். மாடிவீட்டு யன்னல்கள், யன்னலில் பூனைகள். நடுவில் அண்ணாவின் இடம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். மதிலுக்கு முன்னால் ஒருவர் வாளியோடு நின்றார். பக்கத்துக் கட்டடத்துக்கு வர்ணம் பூச வந்தவர், வயதான சிங்களவர். மிஞ்சிய மஞ்சள் பெயின்ற்றில் உருளையைத் தோய்த்து, அந்த வெறும் சீமெந்தின் மேல் விளிம்பில் முதல் இழுப்பை இழுத்திருந்தார்.

மரக்கறிப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். "அய்யே, ஏக்கட்ட அத்த தியன்ன எப்பா," என்று கத்தினேன். அதிலே கை வைக்க வேண்டாம்.

அவர் பயந்துபோய் உருளையைக் கீழே இறக்கினார். படத்தில் ஒரு குறை கிடக்கிறது மிஸ், பார்க்க அந்தரமாக இருந்தது, என்னிடம் பெயின்ற் மிச்சம் இருந்தது, அதுதான் நிரப்பப் பார்த்தேன் என்று சிங்களத்தில் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. யாருடைய இடம் அது என்று கேட்டார்.

"மகே அய்யாகே," என்றேன். "எயா எனவா."

என் அண்ணாவுடையது. அவர் வருகிறார். எனக்கு மூச்சு வாங்கியது. இந்த வசனத்தை நான் தமிழில் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத நாட்களில்கூட, ஆறுதலுக்காகக்கூட, சொன்னதில்லை.

அவர் தோளில் கிடந்த துணியை எடுத்து, காயாத மஞ்சளைக் கவனமாகத் துடைத்துவிட்டார். பிறகு வாளியை ஓரமாக வைத்துவிட்டு, உறவுக்காரர் வருகிறார் என்றால் எல்லோரும் கேட்பதுபோல, "கவத்த?" என்று கேட்டார்.

எப்போது என்று அவர் கேட்டதும் நான் திரும்பி ஒழுங்கை முனையைப் பார்த்தேன்.